ரேயின் கோதுமை

கி.பி. 680இல் உமர் இப்னு சஅது என்ற படைத்தலைவரின் கையில் ஒரு நியமன ஆணை இருந்தது. ஈரானின் ரே நகரத்துக்கு அவர்தான் ஆளுநர். படையோடு கிளம்பவிருந்த நேரத்தில், ஈராக்கின் கூஃபாவை ஆண்ட உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் அவரை நிறுத்தி வைத்தார். முதலில் நபியின் பேரர் ஹுசைனை எதிர்கொண்டு முடித்துவிட்டு வா, பிறகு ரேக்குப் போ, முடியாதென்றால் ஆணையைத் திருப்பிக் கொடு என்றார். உமர் யோசிக்க அவகாசம் கேட்டார். அந்த இரவில் அவர் சொன்னதாக ஒரு கவிதை பழைய வரலாறுகளில் வருகிறது: ரேயை விடுவதா, அதுதானே என் ஆசை, அல்லது ஹுசைனின் இரத்தப் பழியோடு திரும்புவதா? விடிந்ததும் கர்பலாவுக்குப் புறப்பட்டார்.

கர்பலாவில் ஹுசைன் அவரிடம், “ரேயின் கோதுமையை நீ அதிகம் உண்ணப் போவதில்லை” என்றதாகவும், “கோதுமை இல்லாவிட்டால் வாற்கோதுமை போதும்” என்று அவர் கேலியாகப் பதில் சொன்னதாகவும் ஷியா மரபு சொல்கிறது. கடைசியில் இரண்டுமே கிடைக்கவில்லை. ரேயில் கால் வைக்காமலேயே, சில ஆண்டுகளில், ஹுசைனுக்காகப் பழிவாங்கக் கிளம்பிய முக்தாரின் ஆட்கள் கையில் கூஃபாவில் கொல்லப்பட்டார். ஈரானில் முஹர்ரம் மேடை ஏறும் பேச்சாளர் ‘ரேயின் கோதுமை’ என்றாலே போதும், கூட்டத்துக்குப் புரிந்துவிடும்.

அதே ரேயில் இன்று ஒரு தர்கா இருக்கிறது. அங்கே ஜியாரத் செய்வது, அதாவது கல்லறையைத் தரிசிப்பது, கர்பலாவில் ஹுசைனை ஜியாரத் செய்ததற்குச் சமம் என்று ஒரு ஹதீஸ், வழிவழியாக வந்த ஒரு திருவாக்கு, வழங்குகிறது. ஹுசைனின் உயிருக்கு விலையாகப் பேசப்பட்ட ஊர் எப்படி ஹுசைனின் ஊருக்கு ஈடானது? ரேயின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். மற்றபடி அரசர்கள் வருவதும் போவதும் எல்லா ஊரிலும் உள்ளதே.

கோதுமையிலிருந்தே தொடங்கலாம். ரே இன்று டெஹ்ரானின் தென்கோடியில் ஒரு பகுதி. வடக்கே அல்போர்ஸ் மலை, தெற்கே உப்புப் பாலைவனம், இடையில் ஒரு குறுகிய பட்டை. மழை ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர். மானாவாரிக் கோதுமைக்கு இது போதாது. ஆக, உமர் ஆசைப்பட்டது மழையில் விளைந்த கோதுமை அல்ல, பனியில் விளைந்தது. மலையில் உருகும் பனி அடிவாரத்துச் சரளை மண்ணுக்குள் இறங்கிவிடும். அதை வெளியே கொண்டுவரும் ஏற்பாட்டுக்குப் பெயர் காரீஸ், அரபியில் கனாத். மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணறு வெட்டி நீர்மட்டத்தைப் பிடிப்பார்கள். அங்கிருந்து வயல் இருக்கும் தாழ்வான பக்கத்துக்கு நிலத்தடியில் ஒரு சுரங்கம். வேலை மட்டும் வயல் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகும். மண்ணை வெளியேற்றவும் காற்று வரவும் வழிநெடுக இடைவெளி விட்டுக் குழிகள். சுரங்கத்தின் சரிவில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. சரிவு கூடினால் ஓடும் நீர் தரையை அரித்துச் சுரங்கம் இடியும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆயிரம் அடிக்கு ஓரடி, இரண்டடி இறக்கம் என்ற அளவில் இருட்டுக்குள் வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டியதோடு விட்டுவிடவும் முடியாது, தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். படையெடுப்பில் ஊர் காலியாகி, தூர்வார ஆளில்லாமல் சில ஆண்டுகள் கிடந்தால், வயலும் காய்ந்துபோகும். ரே பலமுறை செத்துப் பிழைத்ததில் இதற்கும் பங்குண்டு.

இன்னொரு காரணம் சாலை. மேற்கே எக்பதானாவிலிருந்து (இன்றைய ஹமதான்) கிழக்கே குராசான் போகிறவர்கள் மலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவிலுள்ள இந்தப் பட்டை வழியாகத்தான் போக முடியும். கி.மு. 521இல், பாரசீகப் பேரரசர் தாரியஸுக்கு எதிராகக் கிளம்பிய மீடியாவின் ஃப்ரவர்திஷ் தப்பியோடிப் பிடிபட்டது ‘ரகா’ என்ற இடத்தில் என்று பெஹிஸ்தூன் கல்வெட்டு சொல்கிறது. கி.மு. 330இல் மூன்றாம் தாரியஸைத் துரத்திய அலெக்சாந்தர் எக்பதானாவிலிருந்து பதினோராம் நாள் இங்கே வந்து, ஐந்து நாள் ஓய்வெடுத்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். செலூக்கஸ் ‘யூரோபோஸ்’ என்றார், பார்த்தியர் ‘அர்சாகியா’ என்றார்கள். எட்டாம் நூற்றாண்டில் இங்கே தங்கி ஊரைப் புதுப்பித்த அப்பாசிய இளவரசர் அல்-மஹ்தி ‘முஹம்மதிய்யா’ என்றார். அவர் மகன் ஹாரூன் அல்-ரஷீத் பிறந்ததும் இங்கேதான். பழைய திர்ஹம் நாணயங்களில் ரேயைத் தேடுகிறவர்கள் முஹம்மதிய்யா என்ற பெயரைத்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் குழம்புகிறவர்கள் உண்டு. சூட்டிய பெயர்கள் எல்லாம் உதிர்ந்துபோய், ரே மட்டும் நின்றது. இந்த ஊர்க்காரருக்கு அடைமொழி ‘ராஸி’. இலக்கணப்படி வராத அந்த ‘ஸ’ பழைய பாரசீக வழக்கின் மிச்சம். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்து எழுதிய மருத்துவர் அபூபக்கர் அல்-ராஸி 865இல் பிறந்தது இந்த ஊரில்.

அந்த மருத்துவர் பிறந்த காலத்தை ஒட்டித்தான் ஒரு மனிதர் ஈராக்கின் சாமர்ராவிலிருந்து அப்பாசியக் கலீஃபாக்களின் கண்ணுக்குத் தப்பி ரேக்கு வந்தார். பெயர் அப்துல் அஸீம். ஷியாக்கள் தலைவர்களாக ஏற்கும் இமாம்களில் இரண்டாமவரான ஹசனின் வழித்தோன்றல், ஒன்பதாம் பத்தாம் இமாம்களிடம் ஹதீஸ் கேட்டவர். ரேயில் ஒரு ஷியாவின் வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்தார் என்கிறார்கள். பகலில் நோன்பு, இரவில் தொழுகை. எப்போதாவது மறைவாக வெளியே வந்து அருகிலிருந்த ஒரு கல்லறைக்குப் போவார், “இது மூசா இப்னு ஜஅஃபரின் மகனுடையது” என்பார். மூசா ஏழாம் இமாம். நோய்வாய்ப்பட்டு இறந்தபோது குளிப்பாட்டியவர்கள் அவர் உடையில் ஒரு சீட்டைக் கண்டார்கள்; அதில் அவருடைய வம்சாவளி இருந்தது. ஒருவரின் தோட்டத்தில், ஆப்பிள் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

பிறகுதான் அந்த ஹதீஸ். ரேயிலிருந்து ஒருவர் பத்தாம் இமாம் அல்-ஹாதியிடம் வருகிறார். எங்கே போயிருந்தாய் என்று இமாம் கேட்க, ஹுசைனை ஜியாரத் செய்துவிட்டு வருகிறேன் என்கிறார். உங்கள் ஊரிலேயே இருக்கும் அப்துல் அஸீமின் கல்லறைக்குப் போயிருந்தால் ஹுசைனை ஜியாரத் செய்தவனைப் போல இருந்திருப்பாய் என்கிறார் இமாம். இமாம் அல்-ஹாதி இறந்தது 868இல். ஆகவே அப்துல் அஸீம் அதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும். 866 என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு இதோடு ஒத்துப்போகிறது. அன்று கர்பலாவுக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். 850 வாக்கில் கலீஃபா முத்தவக்கில் ஹுசைனின் கல்லறையை இடித்து, நிலத்தை உழவைத்து, போகிறவர்களைத் தண்டித்தார். அந்தச் சூழலில் இந்த வார்த்தையை வைத்துப் படித்தால் அதன் எடை தெரியும். கர்பலாவுக்குப் போகவிடாத காலத்தில், வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கர்பலா.

பத்தாம் நூற்றாண்டில் புவாயிது வம்சத்தார் ஆண்டபோது ரே உச்சத்தில் இருந்தது. அமைச்சர் சாஹிப் இப்னு அப்பாதை வேறொரு அரசர் அழைத்தபோது, என் நூல்களைச் சுமக்கவே 400 ஒட்டகம் வேண்டும் என்று மறுத்தாராம். எனக்குப் பிடித்த கதை வேறு. 994இல் ரேயை அடுத்த தபரக் மலையில் வானியலாளர் அல்-குஜந்தி ஒரு கருவி கட்டினார். கருவி என்றால் கையில் தூக்குவதல்ல, ஒரு கட்டடம். தெற்கு வடக்காக ஓர் இருட்டறை, மேலே ஒரு சிறு துளை, கீழே அந்தத் துளையை மையமாகக் கொண்டு வளைந்த 60 பாகை வில். வில்லின் ஆரம் சுமார் 20 மீட்டர். அந்த அளவில் ஒரு பாகை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். அதை 360 கூறாகப் பிரித்தால் ஒரு கூறு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், அதாவது 10 விகலை (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை). நண்பகலில் துளைவழி இறங்கும் சூரிய வட்டம் வில்லில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் பூமியின் அச்சுச் சாய்வு.

குஜந்திக்குக் கிடைத்த விடை 23 பாகை 32 கலை 19 விகலை. அந்த ஆண்டுக்கான உண்மை மதிப்பு 23 பாகை 34 கலையை ஒட்டியது. இரண்டு கலைக்குக் கொஞ்சம் குறைவான பிழை. பிழை எங்கே நுழைந்தது என்று அல்-பீரூனி எழுதி வைத்திருக்கிறார்: இரண்டு அளவீடுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் கட்டடம் அமர்ந்து, துளை சற்று இறங்கிவிட்டது. கணக்கும் ஒத்துவருகிறது. துளை இறங்கினால் குளிர்காலச் சூரியன் உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டும், வித்தியாசம் குறையும், சாய்வும் குறைவாக வரும். இந்தப் பிழைக்கு மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இறக்கமே போதும். கருவி பெரிதானால் துல்லியம் கூடும் என்பது சரி. பெரிதானால் அதன் கனமும் கூடும், கனம் கூடினால் நிலம் அமரும். ரேயின் நிலம் அமர்வது பற்றிக் கடைசியில் மறுபடி வரவேண்டியிருக்கும்.

1029இல் கஜினி மஹ்மூத் ரேயைப் பிடித்தார். நூல்கள் எரிந்தன, ஷியாக்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். பிறகு செல்ஜூக்குகள். அவர்களின் சுல்தான் துக்ரில் இறந்தது 1063இல், இங்கேதான். ‘துக்ரில் கோபுரம்’ என்று இன்று காட்டப்படும் 20 மீட்டர் உயரச் செங்கல் கோபுரத்தில் இருந்த ஆண்டு 1139–40. எழுபது எண்பது ஆண்டு இடிக்கிறது. ஆகவே பெயரை நம்பிக் கைகூப்ப வேண்டாம், கட்டடத்தைப் பாருங்கள். வெளிச்சுவர் முழுக்க 24 கூர்முனைகள் மடிப்பு மடிப்பாக நிற்கின்றன. வெயில் நகர நகர ஒவ்வொரு மடிப்பாக ஒளி ஏறுவதை வைத்து நேரம் சொல்லலாம் என்பார்கள். மேலே இருந்த கூரை போய்விட்டது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டமான வானம் மட்டும்.

மங்கோலியர் வந்து ரே அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. 1220இல் மங்கோலியருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த புவியியலாளர் யாகூத் ரே வழியாகப் போனார். அப்போதே ஊரில் பெரும்பகுதி பாழ். ஆனால் சுவர்கள் நின்றன, பள்ளிவாசல் பிரசங்க மேடைகளான மிம்பர்கள் இருந்தன, சுவர்ப் பூச்சு வேலைப்பாடுகள்கூடக் குலையாமல் இருந்தன. பாழடைந்து அதிக நாள் ஆகவில்லை. காரணம் என்னவென்று ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தார். வந்த பதில் எளிமையானது. ஊரில் மூன்று கூட்டம்: ஷியா, சுன்னிகளில் ஹனஃபி, ஷாஃபிஈ. ஷியாக்களே அதிகம். முதலில் மற்ற இருவரும் சேர்ந்து ஷியாக்களை ஒழித்தார்கள். பிறகு அந்த இருவருக்குள் சண்டை. எண்ணிக்கையில் சிறிய ஷாஃபிஈகள் வென்றார்கள். நீங்கள் பார்க்கும் பாழ் எல்லாம் ஷியா, ஹனஃபி தெருக்கள். மிச்சமிருப்பது ஷாஃபிஈ தெரு, இருப்பதிலேயே சின்னது.

யாகூத் இன்னொன்றும் பார்த்தார். எஞ்சிய வீடுகள் எல்லாம் தரைக்கடியில். உள்ளே போகும் வழி கும்மிருட்டு, நெளிவு சுளிவு, எளிதில் நுழைய முடியாது. ஊருக்குள் திடீர் திடீரென்று படை நுழைந்ததால் அப்படிக் கட்டினார்களாம், இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அப்துல் அஸீம் ஒளிந்த நிலவறையை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். காரீஸ் வெட்டத் தெரிந்த ஊருக்கு நிலத்துக்குள் போவது புதிதல்ல.

பிறகு மங்கோலியர் வந்து மீதியை முடித்தார்கள். 1404இல் இந்த வழியாகத் தைமூரைப் பார்க்கப் போன காஸ்டிலியத் தூதர் கிளாவிஹோ பார்த்தது ஆளில்லாத ஒரு பெரும் பாழ்நகரம். ஊர் போனது, கல்லறை நின்றது. அப்துல் அஸீமின் கல்லறை மேலிருக்கும் மரப்பேழையில் உள்ள ஆண்டு ஹிஜ்ரி 725, அதாவது 1325. மங்கோலிய வம்சத்தார் ஈரானை ஆண்ட காலம். அழித்தவர்களின் பேரர்கள் காலத்தில், சுற்றிலும் இடிபாடு கிடக்கும்போதே, யாரோ தச்சரை அழைத்துக் கூலி கொடுத்து எழுத்து செதுக்க வைத்திருக்கிறார்கள். ரேயின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய சான்று இந்தப் பெட்டிதான்.

ரே காலியானபோது அதன் வடக்கே இருந்த ஒரு கிராமம் வளரத் தொடங்கியது. தோப்புகளுக்கும் தரையடி வீடுகளுக்கும் பேர்போன அந்தக் கிராமம் டெஹ்ரான். சஃபவி அரசர் தஹ்மாஸ்ப் 1550களில் அதற்கு மதில் எழுப்பினார்; குர்ஆனின் அத்தியாயங்கள் 114, மதில் கொத்தளங்களும் 114. 1786இல் கஜர் வம்சத்து ஆகா முஹம்மது கான் அதைத் தலைநகராக்கினார். ரேயின் மேடுகளோ செங்கல் சுரங்கமாயின. அப்புறம் செங்கல்லைவிட விலைபோகும் சாமான் கிடைக்க ஆரம்பித்தது.

இதில் வாங்குகிறவர்கள் ஏமாந்த கதை பெரிது. பொன்போல மின்னும் லஸ்டர் பாண்டங்களுக்கு வியாபாரிகள் ‘ரே பாண்டம்’ என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். 1301இல் காஷான் குயவர் குடும்பத்தவர் ஒருவர் எழுதி வைத்த செய்முறையில் இதன் பக்குவம் இருக்கிறது: பொடித்த வெண்கல் 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. பூச்சு ஏற்றி ஒருமுறை சுட்டபின், வெள்ளி, செம்புச் சேர்மங்களால் வரைந்து, புகை நிரம்பிய சூளையில் இரண்டாம் முறை சுட வேண்டும். புகை பற்றாவிட்டால் மினுமினுப்பு வராது. சூடு மிஞ்சினால் பூச்சு இளகி ஓவியம் கலைந்துவிடும். இந்தப் பாண்டங்களில் பெரும்பாலானவை காஷானில் செய்தவை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. பட்டுத் துணியில் நடந்தது இதைவிட மோசம். 1925 வாக்கில் பீபி ஷஹ்ர்பானு மலையருகே பழைய கல்லறைகளைத் தோண்டியதில் சில பட்டுகள் கிடைத்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் சந்தையில் ‘புவாயிதுப் பட்டு’ பெருகிக்கொண்டே போனது. பிற்காலத்தில் கார்பன் ஆய்வு செய்தபோது அவற்றில் பல இருபதாம் நூற்றாண்டு நெசவு என்று தெரிந்தது. ஒழுங்காக அகழ்ந்தவர் எரிக் ஷ்மிட், 1934 முதல் 1936 வரை. அதற்குள் எத்தனையோ கைமாறிவிட்டது.

மறுபடி தர்காவுக்கு வருவோம். கஜர் காலத்தில் அது டெஹ்ரானின் மனச்சாட்சி மாதிரி ஆனது. தர்கா எல்லைக்குள் நுழைந்துவிட்டவரை அரசு தொடக்கூடாது. இந்த அடைக்கலத்துக்குப் ‘பஸ்த்’ என்று பெயர். கூடாது என்றால் ஒருபோதும் நடக்கவில்லை என்று பொருளல்ல. 1891இல், குளிர்காலத்தில், அங்கே தஞ்சம் புகுந்திருந்த சீர்திருத்தச் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் அல்-அஃப்கானியை நோயோடு கிடந்த நிலையில் இழுத்துப்போய் நாடு கடத்தினார்கள். ஆணையிட்டவர் நாசிருத்தீன் ஷா; அந்தக் குவிமாடத்துக்குப் பொன் வேய்ந்தவரும் அவரே. ஐந்தாண்டு கழித்து, 1896 மே 1, ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவை ஒட்டி ஷா ஜியாரத்துக்கு வந்தார். அஃப்கானியின் சீடர் மிர்ஸா ரேஸா கெர்மானி மனு நீட்டுவதுபோல நெருங்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிரதமர் அமீன் அல்-சுல்தான் பதறவில்லை. இறந்த ஷாவை வண்டியில் நிமிர்த்தி உட்காரவைத்து, காயம்தான் என்று சொல்லி, டெஹ்ரான் வரை ஓட்டிச் சென்றார். செய்தி பரவுமுன் தலைநகரில் காவல் போடுவதற்கு அவருக்கு அந்த நேரம் தேவைப்பட்டது.

1905 டிசம்பரில் அதே முற்றம் வேறொன்றைக் கண்டது. ரஷ்யாவில் போரும் கலவரமும். சர்க்கரை வரத்துக் குறைந்து விலை ஏறியது. டெஹ்ரான் ஆளுநர் சர்க்கரை வியாபாரிகளைப் பிடித்து உள்ளங்காலில் பிரம்படி கொடுத்தார். கடைத்தெரு அடைத்தது. மார்க்க அறிஞர்களான உலமாக்களும் வியாபாரிகளும் திரண்டு அப்துல் அஸீம் தர்காவில் பஸ்த் இருந்தார்கள். நீதிமன்றம் அமைப்பதாக ஷா வாக்குக் கொடுத்த பிறகே திரும்பினார்கள். ஈரானின் அரசியலமைப்புப் புரட்சி இங்கிருந்து தொடங்கியது.

டெஹ்ரானிலிருந்து இங்கு வர 1888இல் ஒரு ரயில் போட்டார்கள், பெல்ஜிய நிறுவனம், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மக்கள் ‘மாஷின் தூதி’, புகை வண்டி என்றார்கள். நாட்டின் முதல் பயணிகள் ரயில் வியாபாரத்துக்கோ படைக்கோ போடப்படவில்லை, ஜியாரத்துக்குப் போடப்பட்டது.

இன்று மெட்ரோ. முதல் தடத்தில் ‘ஷஹ்ரே ரே’ நிறுத்தத்தில் இறங்கலாம். வியாழன் மாலையும் வெள்ளியும் கூட்டம் நெரியும். கட்டடம் பார்க்க வருகிறவர்கள் வேறு நாள் காலையில் வருவது நல்லது. பெண்களுக்கு உடல் முழுக்க மூடும் சாதர் அங்கி கட்டாயம். உள்ளே மூன்று கல்லறைகள். வாசலில் நின்று அனுமதி வேண்டும் துஆ ஓதிவிட்டு, முதலில் அப்துல் அஸீம், பிறகு எட்டாம் இமாமின் சகோதரர் ஹம்ஸா, பிறகு நான்காம் இமாமின் வழிவந்த தாஹிர். அப்துல் அஸீம் மறைவாகப் போய்வந்த கல்லறை ஹம்ஸாவினுடையது என்பதுதான் மரபு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம். நாசிருத்தீன் ஷாவின் சிலை செதுக்கிய கல்லறைக் கல்லைத் தேடாதீர்கள், அது 1979க்குப் பிறகு கொலெஸ்தான் அரண்மனைக்குப் போய்விட்டது. பக்கத்தில் 1950இல் எழுந்த ரேஸா ஷாவின் நினைவு மண்டபத்தை 1980இல் இடித்தார்கள். இறுகக் கட்டியிருந்ததால் இடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. வெளியே மூடிய கடைத்தெருவில் கபாப் கடைகள். ஜியாரத் முடித்துக் கபாப் சாப்பிடாமல் திரும்பும் டெஹ்ரான்காரர் குறைவு.

மலைமேல் பீபி ஷஹ்ர்பானு. ஹுசைனின் மனைவியான சாசானிய இளவரசி கர்பலாவிலிருந்து ஓடிவந்தபோது மலை திறந்து அவரை ஏற்றுக்கொண்டதாகக் கதை. ‘பானு’ என்ற பெயரை வைத்து, அது அதற்கு முன்பே அனாஹிதா என்ற நீர்த்தெய்வத்தின் இடம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த மலையடிவாரத்தில் 1933 முதல் சிமெண்ட் ஆலை ஓடியது.

கடைசியாகச் சஷ்மே அலி, பாறையடியில் ஓர் ஊற்று. ஏழாயிரம் ஆண்டுக்கு முந்தைய வண்ணப் பானைகள் கிடைத்த மேடு அதன் தலைமாட்டில்தான். தண்ணீரை ஒட்டித்தான் ஊர் தொடங்கியிருக்கிறது. டெஹ்ரானின் கம்பளங்களை இங்கே கொண்டுவந்து துவைத்து, பாறை மீது வெயிலில் விரிப்பார்கள். இப்போது ஊற்று வற்றிவிட்டது, மெட்ரோ சுரங்கம் வெட்டியதால்தான் என்று ஊரார் குற்றம் சாட்டுகிறார்கள். சுற்றியுள்ள சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் அமர்கிறது. குஜந்தியின் துளை இறங்கியது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஊற்றுக்கு மேலே பாறைச் சிற்பத்தில் கஜர் அரசர் ஃபத்ஹ் அலி ஷா, இடுப்புவரை தாடியோடு, பரிவாரம் சூழ, வறண்ட ஓடையைப் பார்த்தபடி இருக்கிறார்.